கோல நோட்டும் ஜெல் பேனாவும்



சேமிப்பு, கடன் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஜெல் பேனா பற்றிப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. நம்மில் பலருக்குப் பேனா என்றாலே தவணை, தீர்மானம், கையெழுத்துதான். ஐம்பது வயசுக்கு மேல கையெழுத்துப் போடக் கத்துக்கிட்ட அக்கா ஒருத்தர் எங்க குழுவில் இருக்காங்க. "பேனாவைத் தொட்டாலே கை நடுங்குதும்மா" என்பார். தவணை கட்டுற நாளுக்கு முந்தின ராத்திரி அவருக்குத் தூக்கமே கிடையாது. அவரோட கோல நோட்டையே அவர் கையில் கொடுத்து, நாலு கலர் ஜெல் பேனாவும் வாங்கிக் கொடுத்தோம். இப்போ பேரன் பேனாவை எடுத்துட்டான்னு சண்டை போடுறார்.

2005-இல் அமெரிக்காவில் 84 கல்லூரி மாணவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. முதலில் அவர்கள் மிகவும் பயந்துபோன ஒரு சம்பவத்தை எழுதச் சொன்னார்கள். பிறகு 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வெறுந்தாளில் இஷ்டத்துக்குத் தீட்டியவர்களைவிட, வட்ட வடிவப் படத்திலும் கட்டம் போட்ட படத்திலும் தீட்டியவர்களுக்குப் படபடப்பு அதிகம் குறைந்தது. படித்ததும் எனக்கு நம்ம சிக்குக் கோலம்தான் ஞாபகம் வந்தது. புள்ளியைச் சுற்றி வரும் ஒவ்வொரு கண்ணியும் ஒரு சின்ன அறை. பெரியவங்களுக்கான வண்ணப் புத்தகம் கடையில் விக்குது, அழகாத்தான் இருக்கு. ஆனா நம்ம கிட்ட நோட்டு நோட்டா படம் இருக்கே, காசு எதுக்கு?

அந்தச் சின்ன அறைக்கு ஸ்கெட்ச் பேனா ஆகாது, பின்பக்கம் ஊறிடும். ஜெல் பேனாவை 1984-இல் ஜப்பானின் சகுரா கம்பெனி கொண்டு வந்தது. அதன் மை கூழ் மாதிரி இருக்கும். முனைக் குண்டு உருளும்போது இளகி இறங்கும். அதனால அழுத்தவே வேண்டாம். முதலில் ஓரத்தை வரைஞ்சுட்டு, உள்ளே மெதுவா நிரப்புங்க. ஈரம் காயும் முன்னே அதே இடத்தில் திரும்பத் தேய்ச்சா தாள் பிசிறு கிளம்பும். மேலிருந்து கீழே வாங்க, இடது கைப்பழக்கம் உள்ளவங்க வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்க. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வச்சுக்குங்க, ஈசாது. மினுமினுப்பு மை காய இன்னும் நேரம் எடுக்கும். விட்டுவிட்டு எழுதினா வேறொரு தாளில் சுழிச்சுப் பாருங்க. முடிஞ்சதும் மூடி போட மறக்காதீங்க.

இது மருந்து இல்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கலை, அழுகை நிக்கலைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போகணும். தனியாப் போகப் பயமா இருந்தா, குழுவில் ஒருத்தரைத் துணைக்குக் கூப்பிடுங்க.

எங்க குழுவில் தீர்மானம் எழுதி முடிச்சதும் அரை மணி நேரம் இதுக்குன்னு உட்காருறோம். வர்ற மாசம் உங்க குழுவிலும் ஆரம்பிங்க. கோல நோட்டை அவரவர் எடுத்துட்டு வாங்க, பேனாவைப் பொதுவில் வாங்கிக்கலாம்.