சிறு தொட்டியில் சண்டை மீன் வளர்ப்பு

(உழவர் குடும்பத்தினருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நெல், கரும்பு, கறவை மாடு என்று பேசி வந்த இந்த வகுப்பில் இன்று ஒரு சிறு மீனைப் பற்றிப் பேச விரும்புகிறேன். திருவிழாக் கடைகளிலும் நகரத்து வண்ண மீன் கடைகளிலும் சிறு பாட்டிலுக்குள் நீலமும் சிவப்புமாய்த் துடுப்பை விரித்து நிற்கும் மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர்கள் இதனைப் பைட்டர் என்பார்கள். சண்டை மீன் என்றும் சொல்வதுண்டு. பிள்ளைகள் அடம் பிடித்து வாங்கி வருகிறார்கள். முதல் வாரம் வீடே அதைச் சுற்றி நிற்கிறது. மூன்றாவது வாரத்தில் மீன் மந்தமாகிறது. ஒரு மாதத்திற்குள் இறந்து போகிறது. பிள்ளை அழுகிறது. "இந்த மீனுக்கு ஆயுள் அவ்வளவுதான்" என்று பெரியவர்கள் தேற்றுகிறார்கள்.

இது சரியன்று. நல்ல முறையில் வளர்த்தால் சண்டை மீன் 2 முதல் 3 ஆண்டுகள் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் உயிர் வாழும். ஒரு மாதத்தில் இறக்கும் மீன்களில் பெரும்பாலானவை தண்ணீர் கெட்டதால் இறப்பவை. தண்ணீர் ஏன் கெடுகிறது, கெடாமல் காப்பது எப்படி என்பதே இன்றைய உரையின் சாரம்.

நெல் வயலில் பிறந்த மீன்

சண்டை மீனின் தாயகம் தாய்லாந்து. அங்கே நெல் வயல்களிலும், வாய்க்கால்களிலும், செடி மண்டிய ஆழமற்ற நீர்நிலைகளிலும் இது வாழ்கிறது. அந்நாட்டு மொழியில் இதன் பெயர் 'பிளா கட்'. கடிக்கும் மீன் என்பது அதன் பொருள். 2019-ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

நம் வயல்களில் காணும் பனையேறிக் கெண்டையைப் போலவே, சண்டை மீனுக்கும் செவுள்களுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஒரு தனி உறுப்பு உண்டு. நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கிச் செல்லும். ஆகவே பிராணவாயு குறைந்த நீரிலும் இது உயிரோடிருக்கும். இதைக் கண்டுதான் பாட்டிலிலேயே வளர்த்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள்.

இங்கேதான் தவறு நேர்கிறது. காற்றைச் சுவாசித்தாலும் மீனின் செவுள்கள் எந்நேரமும் நீரில்தான் இருக்கின்றன. நீரில் கலந்த கழிவு செவுள்களைப் புண்ணாக்குகிறது. மற்ற மீன்கள் காற்றுக் குறைந்தால் சில மணி நேரத்தில் மிதந்து நமக்கு எச்சரிக்கை தந்துவிடும். சண்டை மீனோ பல நாட்கள் தாக்குப் பிடித்து, மெல்ல மெல்ல நலிந்து சாகிறது. நோய் வந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

தொட்டி

ஒரு மீனுக்குக் குறைந்தது 10 லிட்டர் தண்ணீர் வேண்டும். 15 லிட்டர் இருந்தால் நல்லது. 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரமுள்ள கண்ணாடித் தொட்டியில் மேலே 5 செ.மீ. இடைவெளி விட்டு நீர் நிரப்பினால் சரியாக 15 லிட்டர் பிடிக்கும். கண்ணாடித் தொட்டி வாங்க வசதியில்லையெனில் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியும் போதும். ஆனால் பூச்சிமருந்தோ உரமோ வைத்திருந்த பாத்திரத்தை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மேலே விடும் இடைவெளி மிகவும் அவசியம். மீன் காற்றைக் குடிக்கும் இடம் அதுவே. விளிம்பு வரை நீர் நிரப்பி மூடிவிட்டால் மீன் திணறும். சண்டை மீன் துள்ளிக் குதிக்கக் கூடியது. ஆகவே சிறு துளைகளுள்ள மூடி வேண்டும். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் படிந்தால் ஒரு காகிதத்தைப் பரப்பி ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அடியில் சிறிதளவு கழுவிய கூழாங்கல் பரப்பி, ஹைட்ரில்லா போன்ற நீர்ச்செடிகள் சிலவற்றை வைக்கலாம். கூர்மையான பொம்மைகள் நீண்ட துடுப்பைக் கிழித்துவிடும். காற்றுக் குழாயில் இயங்கும் பஞ்சு வடிகட்டி ஒன்றை மெதுவாக ஓடும்படி வைப்பது சிறந்தது. நீரோட்டம் வேகமாக இருந்தால் மீன் களைத்துப்போகும்.

யூரியாவும் மீன் தொட்டியும்

தோட்டக்கால் பயிருக்கு யூரியா இடுகிறீர்கள். அது மண்ணில் அம்மோனியாவாக மாறுகிறது. பின்னர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், அடுத்து நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் அதை எடுத்துக்கொள்கிறது. இது நீங்கள் நன்கு அறிந்த செய்தி.

மீன் தொட்டியிலும் இதே வேலைதான் நடைபெற வேண்டும். மீன் தன் செவுள்கள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் அந்த அளவு தீங்கு செய்வதில்லை. தொட்டியின் சுவரிலும், கூழாங்கல்லிலும், வடிகட்டிப் பஞ்சிலும் நுண்ணுயிர்கள் குடியேறினால்தான் இந்த மாற்றம் நடக்கும். புதுத் தொட்டியில் அவை பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் மீன் இறப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

நல்ல நிலையில் ஓடும் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல்லோ, சிறு துண்டுப் பஞ்சோ கொண்டுவந்து புதுத் தொட்டியில் இட்டால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். பாலுக்கு உறைமோர் இடுவது போன்றதே இது. ஆனால் அந்தத் தொட்டியில் நோயுற்ற மீன் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீரின் கார அமில நிலை 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவில் நச்சுத்தன்மை மிக்க பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் நஞ்சு கூடும். காரத்தன்மையுள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர், அதுவும் கோடையில், நீர் மாற்றுவதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

தண்ணீர் தயார் செய்தல்

குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுள்களையும் தாக்கும், நமக்குத் துணை செய்யும் நுண்ணுயிர்களையும் கொல்லும். ஆழ்குழாய் நீரில் பிராணவாயு மிகக் குறைவு. ஆகவே எந்த நீராயினும் அகன்ற வாளியில் பிடித்து 24 மணி நேரம் வைத்திருந்து, இரண்டு வாளிகளுக்கிடையே சில முறை மாற்றி ஊற்றிய பின்னரே பயன்படுத்த வேண்டும். வாளியை மெல்லிய துணியால் மூடி வையுங்கள். இல்லையேல் டெங்குக் கொசு முட்டையிடும். சுத்திகரித்து விற்கப்படும் கேன் நீரில் தாது உப்புகள் மிகக் குறைவாக இருப்பதால் அதை மட்டுமே பயன்படுத்துவது நல்லதல்ல.

வயல் வாய்க்கால் நீர் வேண்டவே வேண்டாம். மேல் வயலில் யார் எந்த மருந்து தெளித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது.

நீர் மாற்றும் முறை

15 லிட்டர் தொட்டிக்கு ஏற்ற முறை வருமாறு:

1. முதல் ஆறு வாரங்கள்: இரண்டு நாட்களுக்கு ஒரு முறை 4 லிட்டர் நீரை மாற்ற வேண்டும்.
2. அதன் பின் வடிகட்டி உள்ள தொட்டியில்: வாரம் ஒரு முறை 4 லிட்டர்.
3. வடிகட்டி இல்லாத தொட்டியில்: வாரம் இரு முறை 5 லிட்டர்.

ஒரு சிறு குழாயால் அடியிலுள்ள கழிவோடு நீரை உறிஞ்சி எடுங்கள். புது நீர் தொட்டி நீரின் வெப்ப நிலையிலேயே இருக்க வேண்டும். அதை மெதுவாக ஊற்ற வேண்டும்.

சிலர் மாதம் ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் பஞ்சையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார்கள். பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் நுண்ணுயிர்கள் எல்லாம் போய்விடும். தொட்டி மறுபடியும் முதல் நாள் நிலைக்கே வந்துவிடும். பஞ்சில் அழுக்கு அடைத்தால், வெளியே எடுத்த தொட்டி நீரிலேயே அதை லேசாகப் பிழிந்தால் போதும். அந்த நீரை வீணாக்க வேண்டாம். துளசிக்கும் ரோஜாவுக்கும் ஊற்றலாம்.

தீவனம்

சண்டை மீன் பூச்சிப் புழுக்களைத் தின்று வாழ்வது. கோயில் குளத்து மீனுக்குப் போடுவது போலப் பொரியோ, ரொட்டித் துண்டோ, சோறோ போடக் கூடாது. இம்மீனுக்கென விற்கப்படும் குருணைத் தீவனத்தில் காலையில் 2 அல்லது 3, மாலையில் 2 அல்லது 3 போதுமானது. வாரத்தில் ஒரு நாள் தீவனம் போடாமல் விடலாம். இரண்டு நிமிடங்களில் தின்னாததை எடுத்துவிடுங்கள். நுண்ணுயிர்கள் பெருகும் முதல் ஆறு வாரங்களில் தீவனத்தைப் பாதியாகக் குறைப்பது நலம்.

சுத்தமான நீரில் வளர்ந்த கொசுப்புழு இதற்கு மிக விருப்பமான உணவு. வடிகட்டி, நல்ல நீரில் அலசிக் கொடுக்கலாம். சாக்கடைப் புழுக்கள் நோயைக் கொண்டுவரும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பிள்ளைகள் ஆசையால் அள்ளிப் போடுவார்கள். ஒரு சிறு டப்பாவில் அன்றைக்குரிய தீவனத்தை மட்டும் எண்ணி வைத்துக் கொடுத்தால் இத்தொல்லை இராது.

உழவர் வீட்டில் தனிக் கவனம்

நகரத்து வீடுகளில் இல்லாத ஓர் ஆபத்து நம் வீடுகளில் உண்டு. பூச்சிமருந்துகள் பலவும் மீனுக்கு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சாகும். மருந்து தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டியில் விடக் கூடாது. தெளிப்பு நடக்கும் நாளில் வேறொருவர் தீவனம் இடட்டும். கைத்தெளிப்பானும் மருந்துப் புட்டிகளும் உள்ள அறையில் தொட்டியை வைக்க வேண்டாம்.

கொசுவர்த்தியிலும், மின்சாரத்தில் இயங்கும் கொசு விரட்டியிலும் பொதுவாக உள்ள பைரித்திராய்டு வகை மருந்துகளும் மீன்களை வெகுவாகப் பாதிக்கும். காற்றுக் குழாய் அறையின் காற்றையே இழுத்து நீரில் விடுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொட்டி உள்ள அறையில் இவற்றைத் தவிர்த்து வலை கட்டிக்கொள்வது மேல்.

வெப்பநிலை

24 முதல் 30 டிகிரி செண்டிகிரேடு வெப்பம் ஏற்றது. சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி இது இயல்பாகவே கிடைக்கும். மார்கழி, தை இரவுகளில் நீர் குளிர்ந்தால் மீன் அசையாமல் அடியில் கிடக்கும், தீவனமும் எடுக்காது. மலைப் பகுதியினர் நீர் சூடேற்றும் கருவி வைத்தே வளர்க்க வேண்டும். சிறு தொட்டி விரைவில் சூடாகி விரைவில் குளிரும். ஆகவே சன்னல் வெயிலிலும் தகரக் கூரையின் கீழும் வைக்கக் கூடாது.

நோய் அறிகுறிகள்

நாள்தோறும் தீவனம் இடும்போது மீனை உற்றுப் பாருங்கள். துடுப்பை மடக்கி வைத்திருத்தல், நீர்மட்டத்திலேயே நின்று வேகமாகச் சுவாசித்தல், செவுள் சிவத்தல் ஆகியவை நீர் கெட்டதற்கான அறிகுறிகள். உடனே மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். மருந்து தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுவே.

துடுப்பின் ஓரம் அரித்துக் கொண்டே போனால் அது துடுப்பழுகல் நோய். மீனைத் தனிப் பாத்திரத்தில் விட்டு, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் வரை கல் உப்பைக் கரைத்துச் சேர்த்து, நாள்தோறும் நீரை மாற்றி, 7 முதல் 10 நாட்கள் வைத்திருந்தால் ஆரம்ப நிலையில் குணமாகும். மாற்றும் நீரிலும் அதே அளவு உப்பு இருக்க வேண்டும்.

உடலில் ரவை தூவியது போல வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணியால் வருவது. ஒட்டுண்ணி தொட்டி முழுதும் பரவியிருக்கும். ஆகவே செடிகளை எடுத்துவிட்டு, தொட்டி நீரிலேயே லிட்டருக்கு 2 கிராம் உப்புச் சேர்த்து, நீரின் வெப்பத்தை மெதுவாக 29 அல்லது 30 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாமல் மேலும் ஒரு வாரம் தொடர வேண்டும். செதில்கள் சிலிர்த்து வயிறு வீங்கினால் குணமாவது அரிது.

தனியே வளருங்கள்

இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று சாகும் வரை சண்டையிடும். வேடிக்கைக்காக விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அதேபோல, வளர்க்க இயலவில்லை என்று ஊர்க் குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடக் கூடாது. இது அயல்நாட்டு மீன். நோயும் பரவக் கூடும். வளர்க்க விரும்பும் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

இதனை வளர்த்து விற்கலாமா என்று கேட்போர் உண்டு. சென்னையின் கொளத்தூர்ப் பகுதியில் வண்ண மீன் வளர்ப்பும் விற்பனையும் பல குடும்பங்களுக்குத் தொழிலாக இருக்கின்றன. ஆர்வமுள்ளோர் முதலில் ஒரு மீனை ஓராண்டு நலமாக வளர்த்துப் பாருங்கள். ஒரு தொட்டி நீரைக் காக்கத் தெரிந்தவருக்கே நூறு தொட்டி நீரைக் காக்க முடியும்.

உழவர் பெருமக்களே! பாட்டிலில் மீன் வாங்கி வந்த வீடுகள் உங்களில் சிலருடையதாக இருக்கலாம். இன்று மாலையே ஒரு வாளியில் நீர் பிடித்து வையுங்கள். நாளை ஒரு பெரிய தொட்டிக்கு அம்மீனை மாற்றுங்கள். நீர் மாற்றும் நாளை நாட்காட்டியில் குறித்து, அப்பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் ஓர் உயிரைக் காக்கிறது என்பதை அப்பிள்ளை தன் கையாலேயே கற்றுக்கொள்ளும். நாளை மண்ணைக் காக்கவும் அந்த அறிவு உதவும்.