கிடங்குக்குள் மழை

மாட்டுத் தீவனம் மழைக்காலத்தில்தான் கெடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கேரளத்தில் மட்டாஞ்சேரிப் பக்கம் கால்நடை வைத்தியம் பார்த்த எனக்குச் சித்திரை வெயில்தான் பயம்.

பசு வளர்க்கும் அக்கா ஒருவர் ஒருநாள் கூப்பிட்டார். "டாக்டர் சார், மேல் மூட்டையெல்லாம் பச்சைப் பூசணம். ஷீட்டு ஒழுகுது போல." மழை பெய்து வாரங்கள் ஆகியிருந்தன. கூரையில் ஓட்டையும் இல்லை. பகலில் தகர ஷீட்டின் சூட்டில் மூட்டையில் இருக்கும் பிண்ணாக்கின் ஈரம் ஆவியாகி மேலே போகிறது. ராத்திரி ஷீட் குளிர்ந்ததும் அதே ஆவி நீராகி மூட்டைமேல் சொட்டுகிறது. சோற்றுப் பானை மூடியின் உள்பக்கம் நீங்கள் பார்ப்பதுதான். தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்தினாலும் இதே கதை.

ஈரம் சொட்டாத கிடங்கு வேண்டுமா? மட்டாஞ்சேரி பஜார் தெருவில் காயலை ஒட்டி நிற்கும் பழைய சுக்கு, மிளகுக் கிடங்குகளுக்குள் எட்டிப் பாருங்கள். உயரமான ஓட்டுக் கூரை, தடித்த சுவர், சரக்கை உலர்த்த ஒரு முற்றம். சூடும் ஆவியும் ஓட்டு இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். எனக்கு அந்தக் கட்டடங்கள்மேல் ஒரு காதல். விட்டால் நேரம் முழுக்க அதையே பேசுவேன்! அந்த அக்காவிடம், ஷீட்டுக்கு அடியில் தென்னங்கீற்று வேயவும், உச்சியில் காற்றுக்கு வழி விடவும் சொன்னேன். சொட்டுவது நின்றது.

அந்தப் பச்சைப் பூசணத்தைத் துடைத்துவிட்டுப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அது அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பசு அவ்வளவு எளிதில் சாகாது, ஆனால் நஞ்சின் ஒரு பகுதியைப் பாலில் இறக்கும். 2018-இல் நடந்த தேசியப் பால் ஆய்வில் தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88, கேரளத்தின் 187-இல் 37, அந்த நஞ்சின் வரம்பைத் தாண்டின. நம் பிள்ளைகள் குடிக்கும் பால் அது.

தீவனம் கெடுவதை முன்பே அறிய, வாரம் ஒருமுறை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். உள்ளே சுட்டால் அந்த மூட்டை கெட ஆரம்பித்துவிட்டது. பிண்ணாக்கு தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். கப்பலில் அதை ஆபத்தான சரக்கு என்றே ஏற்றுகிறார்கள்.

நேரம் முடியப்போகிறது. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். பழைய மூட்டையை முதலில் பிரியுங்கள். வெயில் மாதங்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். எலியும் வண்டும் இன்னொரு நாளைக்கு.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பசுவுக்கு ஆகாதென்று ஒதுக்கிய பூசணப் பிண்ணாக்கை வாத்துக்குப் போட்டுவிடாதீர்கள். வாத்துக்குஞ்சு பசுவைவிடச் சீக்கிரம் சாகும். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.