வெயில் பொது, மானியம் பொதுவா?

(ஒப்பந்தத் தொழிலாளர்களும் மாணவர்களும் ஸ்ரீபெரும்புதூரில் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சூரியன் எல்லாருக்கும் பொதுன்னு சொல்வாங்க. வெயில் பொதுதான், நம்ம ஆளுங்க தலையில கொஞ்சம் கூடவே அடிக்குது. ஆனா அந்த வெயிலை மின்சாரமாக்க அரசாங்கம் கொடுக்கிற பணம் பொதுவா இருக்கா? அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

பக்கத்திலிருந்தே ஆரம்பிப்போம். பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சூரியத் தகடு ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு 50 கோடி டாலர் வரை கடன் தருவதாக அமெரிக்க அரசின் நிதி நிறுவனம் 2021-லேயே அறிவித்தது. 2023 மார்ச்சில் நம் மத்திய அரசு, உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகையாகச் சுமார் 1,177 கோடி ரூபாய் ஒதுக்கியது. தகடு விற்க விற்க, ஐந்து வருடத்துக்குப் பணம் வரும். தகட்டுக்கான மொத்தத் திட்டம் 24,000 கோடி.

ஆலை வேண்டாம்னு நான் சொல்லலை. தகடு இங்கேயே தயாராகட்டும், நம்ம பிள்ளைகளுக்கு வேலை வரட்டும். ஆனால் அந்த ஊக்கத்தொகையைக் கணக்கிடும்போது தகட்டின் திறனைப் பார்க்கிறார்கள், உள்நாட்டுப் பொருள் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளி எத்தனை பேர், கான்ட்ராக்ட் எத்தனை பேர், சேரியிலிருந்து எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை.

இது புதுசும் இல்லை. 1990களில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் எப்படி வந்தன? போட்ட முதலை முதல் வருடத்திலேயே முழுக்கத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுத்தது. இலாபம் பார்த்து வரி கட்டுகிறவனுக்குத்தானே வரிச்சலுகை! மில் முதலாளிகள் காற்றாலை போட்டார்கள். மின்சாரம் பெருகியது உண்மை. அந்தச் சொத்து யாருடையது என்பதும் உண்மை.

"ஏழைக்கும் தர்றோமே" என்பார்கள். 2024 பிப்ரவரியில் அறிவித்த கூரைச் சூரிய மின்திட்டம் ஒரு கோடி வீடுகளுக்கு, 75,021 கோடி ரூபாயில். ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 மானியம். நிபந்தனை என்ன? சொந்த வீடு, தகடு தாங்கும் கூரை, மின் இணைப்பு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர், நிழல் விழாத இடம் வேணும். மீதிப் பணத்தை நாம்தான் போடணும். ஒரகடத்தில் ஒரே அறையில் அஞ்சாறு பேராகத் தங்கியிருக்கிற தோழனுக்கு மொட்டைமாடி ஏது? அது வீட்டுக்காரருடையது. கீற்றுக் குடிசைமேல் தகட்டை எங்கே வைப்பது?

2011-ல் தமிழக அரசு கொண்டுவந்த பசுமை வீடு இதைவிட நல்ல திட்டம். 300 சதுர அடி வீடு, ஐந்து சூரிய விளக்கு, கட்டும் செலவு அரசுடையது. அதற்கும் மனைப்பட்டா கேட்டார்கள்.

ஆக, எல்லா மானியமும் கடைசியில் பட்டாவில் வந்து நிற்குது. நமக்குப் பட்டா இல்லாமல் போனது தற்செயலா? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி ஆதிக்கச் சாதிகளின் கைக்குப் போனது. இதே செங்கல்பட்டில், 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நிலத்தைப் பறித்துவிட்டு, நிலம் உள்ளவனுக்கு மானியம் என்றால் என்ன நியாயம்?

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் கவனித்தவர். மின்சாரம் தனியாருடையதா, அரசுடையதா என்ற கேள்வியை அப்போதே எழுப்பினார். நாம் அதோடு இன்னொன்றும் கேட்போம்: மானியத்தில் உருவாகும் சொத்து யாருடையது?

நம் கோரிக்கை மூன்று. ஒன்று, ஊக்கத்தொகை வாங்கும் ஆலைக்கு நிரந்தர வேலையை நிபந்தனையாக்கு. இரண்டு, சொந்தக் கூரை இல்லாதவர்களுக்காகச் சேரியின் பள்ளி, சமுதாயக்கூடம் மேல் கூட்டுடைமையாகத் தகடு போடு. அதில் வரும் மின்சாரத்தை ஒவ்வொரு வீட்டுக் கணக்கிலும் கழி. தமிழகத்தில் 2024-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் வந்திருக்கு. அந்த நிதியைக் கேட்போம். மூன்று, பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்க ஊர் அ-பதிவேட்டை வாங்கிப் பாருங்க. பழைய பதிவேட்டில் டி.சி. நிலம் என்ற குறிப்பு எங்கே இருக்கு, இன்று அது யார் கையில் இருக்குன்னு எழுதிக்கிட்டு வாங்க. அடுத்த கூட்டத்தை அங்கிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.