பனிமலைக்குப் போகும் பேரனின் முதுகுப்பை

பனி என்றால் சீனன்குடாவிலே வாழும் நமக்கு மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் ஈரந்தான். உறைந்த நீரைக் காணவேண்டுமாயின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகவேண்டும். அங்கே பலநாட் படகுகளின் அடித்தட்டிலே, மீன் பழுதாகாதிருக்க ஐஸ் கொட்டுவார்கள். நமது அநுபவம் அவ்வளவே. அப்படியிருக்க, பனிச்சரிவைப் பற்றிப் பேச என்ன அவசியம் வந்தது என்று நேயர்கள் கேட்கலாம்.

அவசியம் வந்துதான் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம்மவர் ஆயிரக்கணக்கில் சுவிற்சர்லாந்துக்கும் நோர்வேக்கும் கனடாவுக்கும் சென்று குடியேறினர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பனி அந்நியமன்று. பள்ளிக்கூட நாளிலேயே சறுக்குக்கட்டைகளைக் காலிற் பூட்டி மலைச்சரிவில் இறங்கப் பழகிவிடுகிறார்கள். "அம்மம்மா, இந்தக் கிழமை மலைக்குப் போகிறோம்" என்று தொலைபேசியிலே சொல்லும் பேரனிடம், "குளிருக்குக் கம்பளிச்சட்டை போட்டுக்கொள், ராசா" என்பதற்கு மேல் நாம் கேட்கவேண்டியது என்ன? அதையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் எங்கே போகிறான் என்று கேட்கவேண்டும். கொடியும் கம்பமும் நட்டு, காவலர் காலையிலே பார்வையிட்டுத் திறந்துவிடும் சறுக்குப் பாதைகள் உண்டு. அங்கே போனால் அச்சம் குறைவு. ஆனால் இளைஞருக்கு அது சலித்துவிடுகிறது. எவர் காலடியும் படாத புதுப்பனியை நாடி, கட்டைகளையோ பலகையையோ சுமந்து, தாமாகவே மலையேறுகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முப்பது பாகைக்கு மேற்பட்ட சரிவிலே, அடியில் வலுவற்ற பனிப்படை ஒன்று மறைந்திருக்குமாயின், மேலே செல்பவனின் பாரமே அதனை முறித்துவிடும். உயிர்ச்சேதம் விளைத்த சரிவுகளிற் பெரும்பாலானவை, அகப்பட்டவராலோ அவரது கூட்டத்தாராலோ கிளப்பப்பட்டவையே. ஓடும்போது நீரைப்போல ஓடிவரும் பனி, நின்றவுடன் சீமெந்துபோல் இறுகிவிடும். உள்ளே கிடப்பவனால் விரலையும் அசைக்க இயலாது.

அப்புறம் எஞ்சுவது நேரம் ஒன்றுதான். முற்றாகப் புதையுண்டவர்களுட் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டோரில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி கடந்தாலோ பிழைப்பவர் மூவரில் ஒருவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறார்கள். மூச்சடைப்பே காரணம். சுவிற்சர்லாந்திலே 1952ஆம் ஆண்டு முதல் வானூர்தி மீட்புச் சேவை உண்டு. 1414 என்ற எண்ணை அழைத்தால் ஹெலிகொப்டர் வரும். ஆயினும் அது எத்துணை விரைந்து வந்தாலும், அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் கழிந்துவிடும்.

2016ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனிப்பாறையில், ஏறக்குறைய 19,600 அடி உயரத்திலிருந்த இந்தியக் காவல்நிலை ஒன்றின்மேற் பனி சரிந்தது. மதராஸ் படைப்பிரிவின் வீரர் பதின்மர் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டவர். மோப்ப நாய்களுடனும் கருவிகளுடனும் இராணுவம் நாட்கணக்கில் தோண்டியது. ஆறாம் நாள் ஹனுமந்தப்பா என்பவர் உயிருடன் எடுக்கப்பட்டார். அவரும் 11ஆம் நாள் தில்லி மருத்துவமனையிலே காலமானார். பெருஞ்சேனைக்கே இந்நிலையென்றால், தனியே போகும் இரண்டு மூன்று இளைஞருக்கு யார் துணை? பக்கத்தில் நிற்கும் தோழனே துணை. அவன் கையில் இருப்பதே கருவி.

அக்கருவிகள் மூன்று. முதலாவது நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் சிறு சமிக்ஞைக் கருவி. வானொலி நேயர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏனெனில் இதுவும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையமே. உங்கள் பெட்டியில் மத்திய அலைவரிசையின் முள்ளை ஐந்நூற்றுச் சொச்சம் என்ற கடைசி இலக்கம்வரை தள்ளுகிறீர்களே, அதற்குச் சற்றே கீழே, 457 கிலோஹேர்ட்ஸில் இது இடைவிடாது துடித்துக்கொண்டிருக்கும். மலையேறும்போது எல்லோருடைய கருவியும் அனுப்பும் நிலையில் இருக்கவேண்டும். ஒருவன் புதையுண்டால், ஏனையோர் தத்தம் கருவிகளை வாங்கும் நிலைக்கு மாற்றி, அதில் தோன்றும் அம்புக்குறியையும் தூரத்தையும் பின்பற்றிச் செல்லவேண்டும். முற்காலத்திலே செந்நிறக் கயிறொன்றை இடையிற் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கயிற்றின் ஒரு நுனியாவது மேலே தெரியாதா என்ற நப்பாசைதான்.

இரண்டாவது, மடக்கி வைக்கக்கூடிய நெடுங்கம்பு. நீட்டினால் இரண்டரை மூன்று மீற்றர் வரும். கருவி காட்டிய இடத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளிவிட்டுக் குத்திப் பார்ப்பது. ஆளிலே பட்டால் கம்பைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிடவேண்டும்.

மூன்றாவது சவள். பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான், அது பெருந்தவறு. மீட்புநேரத்திற் பெரும்பகுதி தோண்டுவதிலேயே போகிறது. ஒரு மீற்றர் ஆழத்தில் கிடப்பவனை எடுக்க ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பனியை அள்ளவேண்டியிருக்கும். பிளாஸ்ரிக் சவள் இறுகிய பனியில் முறியும், உலோகத்தகடே வேண்டும். கம்புக்கு நேர்மேலே தோண்டாமல், சரிவின் கீழ்ப்புறமாகச் சற்றுத் தள்ளிநின்று குடைந்து செல்லவேண்டும்.

காற்றுப்பை என்றொன்றும் வந்திருக்கிறது. பிடியை இழுத்தால் முதுகிலே ஊதிப் பருக்கும். மணலும் கூழாங்கல்லும் கலந்த வாளியைக் குலுக்கினால் பெரிய கல் மேலே வருகிறதல்லவா? அதே தத்துவம். நல்லதுதான், விலையும் அதிகம். ஆனால் அதை வாங்கியவன் மற்ற மூன்றையும் விட்டுவிடலாம் என்று எண்ணினால் ஏமாந்துபோவான்.

இதில் விசித்திரம் ஒன்றுண்டு. நம் பேரன் சுமக்கும் சவளும் கம்பும் அவனுக்கு உதவா. அவன் தோழனுக்கே உதவும். தோழன் சுமப்பவைதாம் இவனுக்கு உயிர். ஆகவே "உன்னிடம் இருக்கிறதா?" என்பதோடு நில்லாது, "கூட வருபவர்களிடமும் இருக்கிறதா? எல்லோரும் புதைத்துத் தேடிப் பழகினீர்களா?" என்று கேளுங்கள். டாவோஸ் நகரத்து ஆராய்ச்சி நிலையம் மாரிகாலத்தில் நாள்தோறும் வெளியிடும் அறிக்கையைப் படித்தானா என்றும் விசாரியுங்கள். அதில் ஆபத்து ஐந்து படிகளாகக் குறிக்கப்படும். மூன்றாம் படி நடுத்தரந்தானே என்று துணிந்து போனவர்கள் பலர் மாண்டிருக்கிறார்கள்.

கைத்தொலைபேசி அந்தச் சமிக்ஞைக் கருவிக்கு அருகிலிருந்தால் அதன் வேலையைக் குழப்பும். ஆதலால் அதை அணைத்தோ தள்ளியோ வைப்பார்கள். அன்றைக்கு நம் அழைப்புக்குப் பதில் வராவிட்டால் மனம் வருந்தவேண்டாம். கீழே இறங்கியபின் அவனே எடுத்துப் பேசட்டும்.