தேர்தலுக்குத் தேர்தல் தள்ளுபடி

தவணை கட்டிக் களைத்துப்போன தம்பி தங்கைகளே!

மாம்பழத்துக்குச் சித்திரை, வைகாசி. கல்விக்கடன் தள்ளுபடிக்கு வாக்குப்பதிவுக்கு முந்தைய இரண்டு மாதம். நான் இட்டுக்கட்டிச் சொல்வதாக நினைத்தால் தேதிகளைப் பாருங்கள்.

2009இல் மத்திய அரசு வட்டி மானியம் கொண்டுவந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 31க்குள் கடன் வாங்கியவர்கள் வெளியே நின்றார்கள். நிற்பது டெல்லிக்குத் தெரியாதா? தெரியும். வட்டி ஏறுவது தெரியாதா? அதுவும் தெரியும். ஐந்து வருடம் போனது. 2014 பிப்ரவரி 17, இடைக்கால பட்ஜெட். அப்போதைய நிதியமைச்சர், நம்ம சிவகங்கைச் சிதம்பரம் எழுந்தார். வெளியே நின்றவர்களுக்கு 2013 டிசம்பர் வரை நிலுவையில் உள்ள வட்டியை அரசு ஏற்கும் என்றார். ஒன்பது லட்சம் பேருக்குப் பயன், செலவு 2,600 கோடி ரூபாய். ஏப்ரல் 7, முதல் கட்ட வாக்குப்பதிவு. கணக்குப் போட்டால் சரியாக ஏழு வாரம்! (சிரிப்பு) ஆனாலும் அவர் தொகையைச் சொன்னார். அதற்காகவாவது பாராட்டுவேன்.

2021க்கு வாருங்கள். கிழக்கு என்றால் மேற்கு என்னும் திமுகவும் அதிமுகவும் மார்ச் 13, 14 என அடுத்தடுத்த நாளில் தேர்தல் அறிக்கை வெளியிட்டன. இரண்டிலும் கல்விக்கடன் தள்ளுபடி! கடன் கொடுத்தது யார்? பெரும்பாலும் தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள். கோட்டையில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கணக்கு முடிந்துவிடுமா? மாநிலக் கருவூலத்திலிருந்து பணம் எடுத்து வங்கிக்குக் கட்டினால்தான் முடியும். எத்தனை கோடி, எந்த பட்ஜெட்டில் என்று எந்த மேடையிலாவது விளக்கினார்களா?

2024இல் காங்கிரஸ் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 15 வரையிலான நிலுவை முழுவதும் ரத்து என்றது. கஜானா சாவி பத்து வருடம் கையில் இருந்தபோது இந்த யோசனை எங்கே போயிருந்தது? (கைதட்டல்)

“அண்ணே, தேர்தல் நேரத்திலாவது அவங்க காது கேட்குதே” என்கிறார்கள் சில தம்பிகள். நியாயம்தான். கேட்கிற நேரத்தில் கேட்டு வாங்குவோம். ஆனால் காத்திருக்கும் காலத்துக்கு வட்டி கட்டுவது யார்? தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்தியவன் கணக்கு 90 நாள் தாண்டினால் வாராக்கடன். சிபில் மதிப்பெண் சரியும். பைக் வாங்கக்கூடக் கடன் கிடைக்காது. கூடக் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் அதே கதி. வாக்குறுதி கொடுத்தவர் அதற்குள் ஜெயித்தோ தோற்றோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

ஆகவே வேட்பாளர் வாசலுக்கு வரும்போது ஆரத்தித் தட்டை இறக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள்: எந்த வங்கிக் கடன், எந்தத் தேதி வரை, வங்கிக்குப் பணம் எப்போது போகும்? அவர் பதில் எழுத்தில் வரும்வரை, முடிந்தவர்கள் தவணையைக் கட்டிக்கொண்டிருங்கள். வங்கி மேலாளர் தேர்தல் அறிக்கையைப் பார்த்து வட்டி போடுவதில்லை.