சுற்றுச்சூழல் படிப்பும் நம் ஊர்க் கிணறும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் விஞ்ஞானம் கற்பிக்கும் எங்களைக் கிராமங்களில் காணும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். “மருத்துவம் படித்தால் டாக்டர், சட்டம் படித்தால் வக்கீல், இதைப் படித்தால் எங்கள் பிள்ளை என்ன ஆவான்?” என்பதே அக்கேள்வி. நியாயமான கேள்விதான். நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைப்பவர் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்? அதற்கு விடை கூறவும், எங்கள் தரப்பில் நேர்ந்த ஒரு பிழையை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவும் இன்று வந்துள்ளோம்.

படிப்பில் அடங்கியவை

சுற்றுச்சூழல் விஞ்ஞானம் என்பது மரம் நடுவதைப் பற்றிய படிப்பு மட்டுமன்று. நீரில் கரைந்துள்ள உப்புகள் எவை, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை என்ன, ஆலைக் கழிவை எவ்வாறு தூய்மை செய்வது, குப்பையை எவ்வாறு எருவாக்குவது, இவற்றைப் பற்றிய சட்டங்கள் யாவை என்பன எல்லாம் இதில் அடங்கும். இரசாயனம், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் பட்டம் பெற்றவரும் மேற்படிப்பாக இதனைப் பயிலலாம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனித் துறைகள் உள்ளன. கற்றுத் தேர்ந்தவர்களுக்கு நீர்ப் பரிசோதனைச் சாலைகளிலும், ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும், 1982இல் அமைந்த மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலும் வேலைக்கு இடமுண்டு.

இதைத் தனிப் பாடமாகக் கொள்ளாத மாணாக்கரும் இதன் அடிப்படையைக் கற்கின்றனர். சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. அதன் விளைவாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் பட்ட வகுப்புகள் அனைத்திற்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. அதில் களப்பணியும் ஒரு பகுதி. ஆகவே உங்கள் ஊரில் வணிகவியல் படித்த பிள்ளையும் இப்பாடத்தைப் படித்தவராகவே இருப்பார். “களப்பணியை எங்கே செய்தாய்?” என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். நம் ஊர் ஏரியை விட்டு வேறெங்கோ செய்திருந்தால், அடுத்துப் படிக்கப் போகும் பிள்ளையையாவது நம் ஏரிக்கு அழைத்துவருவது நம் கடமை.

பாலாற்றங்கரை தரும் பாடம்

இப்படிப்பு ஊருக்கு எவ்வாறு உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வேலூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு பாலாற்றிலும் வயல்களிலும் பாய்ந்ததைப் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஒரு பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்னும் ஆய்வு முடிவு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. அந்த ஆய்வைச் செய்தது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம். திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களிலுள்ள 467 கிணறுகளைப் பார்வையிட்டு, அவற்றுள் 350 கிணறுகள் கெட்டுவிட்டன என ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கும் அதில் காணப்படுகிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று நீதிமன்றம் கூறியது.

விவசாயியின் கண்ணீர் அதற்கு முன்பும் இருந்தது. அளந்து எழுதிய கணக்கும் உடன் சேர்ந்தபோதுதான் அதற்கு நீதிமன்றத்தில் வலிமை கிட்டியது. அளக்கத் தெரிந்தவரை உருவாக்குவதே இப்படிப்பின் பயன்.

எங்கள் பிழை

அளந்தால் மட்டும் போதாது என்பதை எங்கள் அனுபவத்தில் கற்றோம். ஒரு சமயம் எங்கள் மாணாக்கர் ஒரு கிராமத்துக் கிணறுகளின் நீரை எடுத்துவந்து சோதித்தனர். எருக்குழியையும் கழிப்பறைக் குழியையும் அடுத்திருந்த பொதுக் கிணற்றில் நைட்ரேட் என்னும் உப்பு மிகுந்திருந்தது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது. அங்கோ இரு மடங்கைத் தாண்டியிருந்தது. மாணாக்கர் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினர். நாங்கள் மதிப்பெண் இட்டோம். அறிக்கை அலமாரிக்குள் சென்றது.

மறு ஆண்டு அதே ஊருக்குச் சென்றபோது, ஓர் இளந்தாய் அக்கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பதைக் கண்டோம். “பிள்ளைக்கு என்பதால் நன்றாகக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன்” என்று அவர் கூறியபோது எங்களுக்குத் தலை நிமிரவில்லை. காய்ச்சினால் நோய்க்கிருமிகள் மடியும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஆற்றலை அது குறைத்துவிடும். உடல் நீலம் பாரிக்கும். நிறமோ மணமோ சுவையோ அதற்கு இல்லாமையால் அந்தத் தாய் அறிந்திருக்க வழியில்லை. அறிந்த நாங்களோ சொல்லவில்லை.

நல்வேளையாகக் குழந்தைக்குத் தீங்கு நேரவில்லை. அன்று மாலையே ஊராட்சித் தலைவரைக் கண்டு செய்தியைச் சொன்னோம். குடிப்பதற்கு வேறு கிணறு ஏற்பாடாயிற்று. எருக்குழியும் இடம் மாறியது. அதுமுதல், ஆய்வு முடிவை அந்த ஊராரிடம் தமிழில் படித்துக் காட்டிய பின்னரே மதிப்பெண் இடுவது என்னும் வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளோம்.

ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவதாக, அருகிலுள்ள கல்லூரிக்கு ஊராட்சியின் பெயரால் ஒரு கடிதம் எழுதுங்கள். “எங்கள் ஊர்க் கிணறுகளைச் சோதிக்க மாணாக்கரை அனுப்புங்கள், முடிவை எங்களுக்குத் தாருங்கள்” என்று கேளுங்கள். கேட்கும் ஊருக்கு மறுப்புச் சொல்வது கடினம்.

இரண்டாவதாக, நீர் எடுக்கும் முறையைக் கவனியுங்கள். கைப்பம்பைச் சில நிமிடம் அடித்து நீரை ஓடவிட்டபின், அதே நீரால் புட்டியை மும்முறை அலசிப் பிடிக்க வேண்டும். இடமும் நாளும் எழுதி ஒட்ட வேண்டும். அசுத்தமான புட்டியில் பிடித்த நீர் தவறான முடிவையே தரும்.

மூன்றாவதாக, மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த முடிவுகளை ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22 அன்று கூடும் கிராம சபையில் அதைப் படியுங்கள். ஒரு நாள் உங்கள் ஊர் நீதி கேட்டு நிற்க நேர்ந்தால், அப்பதிவேடு உங்களுக்காகப் பேசும்.

பெருமக்களே! “பிள்ளை என்ன ஆவான்?” என்னும் கேள்விக்கு எங்கள் விடை இது. அவன் உத்தியோகத்திற்குச் செல்லலாம், செல்லட்டும். ஆனால் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, தன் தாய் இறைக்கும் நீரில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவனாக வருவான். ஆணாயினும் பெண்ணாயினும் அத்தகைய ஒருவராவது ஒவ்வோர் ஊராட்சியிலும் இருத்தல் வேண்டும். அவர் சொல்வதைக் கேட்க ஊராட்சியும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் கூடினால் நம் கிணறுகள் காக்கப்படும்.