எந்தப் புலமைப்பரிசிலை நாடுவது?

1870 ஆம் ஆண்டிலே இலங்கையில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கவில்லை. உயர்கல்வி வேட்கை கொண்ட இளைஞர்க்கு அரசாங்கம் வழங்கிய ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசிலே கடல் கடந்து கற்பதற்குரிய முக்கிய வழியாக இருந்தது. அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் நகரின் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றவர் பொன்னம்பலம் அருணாசலம். பின்னர் 1875 இல் திறந்த போட்டிப் பரீட்சையின் வாயிலாகச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையும் அவருக்கு உரியதாயிற்று. கதவு ஒன்றே இருந்த அக்காலத்தில் எக்கதவைத் தட்டுவது என்ற வினாவுக்கு இடமில்லை. இன்று கதவுகள் பல. ஆதலால் தேர்ந்தறியும் பொறுப்பும் மாணவர் தலைமேல் வந்து சேர்ந்திருக்கின்றது.

முல்லைத்தீவுக் கரையோரத்துக் கிராமம் ஒன்றில், உயர்தரப் பரீட்சையிலே பௌதிக விஞ்ஞானப் பிரிவிற் சிறப்பாகச் சித்தியெய்திய மாணவி ஒருத்தியை மனத்தில் இருத்திக்கொள்வோம். தந்தை கடற்றொழிலாளி, தம்பி பாடசாலையிற் படிக்கின்றான். பெறுபேறு வந்த அன்றே மாமா ஒருவர் வந்து, "எல்லாத்துக்கும் எழுதிப் போடு பிள்ளை, ஒண்டாவது கிடைக்கும்" என்கிறார். அன்பினால் வந்த யோசனைதான். ஆயினும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உறுதிப்படுத்திய பிரதிகள் வேண்டும், மொழிபெயர்ப்பு வேண்டும், ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும், கொழும்புக்குப் போய்வரப் பணமும் வேண்டும். பத்துப் படிவங்களை அரைகுறையாக நிரப்புவதிலும் மூன்றைச் செவ்வனே நிரப்புவது மேல். அந்த மூன்று எவை என்பதே கேள்வி.

முதலில் நோக்கவேண்டியது, புலமைப்பரிசில் எந்தப் படிநிலைக்கு உரியது என்பதாகும். 1959 இல் வகுக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டத்தின் பெயர் யாவரும் அறிந்தது. ஆனால் அதன்கீழ்ப் பிரித்தானியா இலங்கையர்க்கு அளிப்பவை பட்டதாரிகளின் மேற்படிப்புக்கானவை. அமெரிக்காவின் புல்பிரைட் பரிசிலும் அத்தகையதே. அம்மாணவி இவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, பட்டம் பெற்றபின் எடுத்துப் பார்க்கலாம். இன்று அவற்றுக்காக ஒரு நாளையும் செலவிட வேண்டியதில்லை.

இரண்டாவது, கற்கவிரும்பும் துறை. இந்திய அரசு இலங்கை மாணவருக்கு வழங்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசில் இளமாணிப் படிப்புக்குரியது. கல்விக் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவுக்கும் உதவுவது. பொறியியல், விஞ்ஞானம், வர்த்தகம், கலை முதலியன அதில் அடங்கும், மருத்துவம் அடங்காது. மருத்துவராக விழையும் மாணவன் இதனை அறியாது விண்ணப்பித்தால் முயற்சி வீணாகும். நமது மாணவியோ பொறியியலை நாடுபவள். இது அவளுக்குப் பொருந்துகின்றது.

மூன்றாவது, தெரிவு செய்யும் முறை. ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் 1954 ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்பட்டு வருகின்றது. இளமாணிப் பிரிவில் விஞ்ஞானத் துறையை நாடுவோர் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். தெரிவானவர் ஓராண்டு ஜப்பானிய மொழியைக் கற்று, அம்மொழியிலேயே பட்டப்படிப்பைத் தொடர்வர். தமிழ்மொழி மூலம் பௌதிகம் பயின்ற மாணவிக்கு விடை தெரிந்திருந்தும், வினாவின் ஆங்கிலக் கலைச்சொல் தடையாகலாம். எனவே, அச்சொற்களைப் பழகச் சில மாதங்கள் தன்னிடம் உண்டா, புதிய மொழியொன்றிலே கற்கும் மனவுறுதி உண்டா என்று அவள் தன்னையே கேட்டல் வேண்டும்.

நான்காவது, ஏற்றபின் வரும் கடப்பாடு. படிப்பு முடிந்ததும் நாடு திரும்பவேண்டும் என்று சில பரிசில்கள் விதிக்கின்றன. குறித்த காலம் சேவை செய்யவேண்டும் எனச் சில உடன்படிக்கை எழுதுவிக்கின்றன. பிரயாணச் செலவு அடங்குமா, விடுமுறையில் வீடு வந்துபோக வசதி உண்டா என்பவற்றையும் ஒப்பமிடுமுன் வாசித்தறிதல் வேண்டும். தொகையைக் கண்டு மகிழ்ந்து நிபந்தனையை வாசியாது விடுவோர் பின்னர் வருந்துவர்.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக, கையிலுள்ளதை நழுவவிடுதல் ஆகாது. இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் இளமாணிப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1981 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் அங்கு அனுமதி பெறும் மாணவருக்கு உதவி வருகின்றது. பரீட்சைத் திறமையோடு குடும்ப வருமானமும் அங்கே கருத்திற் கொள்ளப்படும். தூரதேசத்துக் கனவில் மூழ்கிப் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தின் முடிவுத் திகதியைத் தவறவிடும் பிள்ளை ஓராண்டை இழக்கின்றது. ஏழை வீட்டிலே ஓராண்டு என்பது சிறிய இழப்பன்று. தம்பியின் படிப்பையும் அது பாதிக்கும்.

ஆகவே அம்மாணவி முதலிற் பல்கலைக்கழக அனுமதிக்கும் மகாபொலவுக்கும் உரியவற்றைச் செய்கின்றாள். அடுத்து இந்தியப் பரிசிலுக்கு விண்ணப்பிக்கின்றாள். ஜப்பானியப் பரீட்சைக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்கின்றாள். மற்றவற்றை மாமாவிடம் பணிவாக மறுக்கின்றாள். தந்தையோ, "கிடையாவிட்டால் என்ன செய்வாய் பிள்ளை?" என்று மட்டும் கேட்கின்றார். "பொறியியல் பீடத்துக்குப் போவேன் அப்பா" என்கிறாள் அவள். அந்த விடையைச் சொல்லக்கூடிய பிள்ளைக்குப் போட்டியிலே தோல்வியென்று ஒன்றில்லை. எங்கே செல்கின்றோம் என்பதை அறிந்தபின், அவ்விடத்துக்குச் செல்லும் வண்டியைத் தெரிவது எளிதாகும்.